பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஒரு கட்டு தயாராவது எப்படி: கடலூர், புதுச்சேரி சட்ட மாணவர்களுக்கான வழிகாட்டி

சூழல் சட்டத்தில் பயிற்சி பெற வரும் மாணவர்களில் பலர் முதல் நாளே பொதுநல வழக்கை டிராஃப்ட் செய்ய உட்கார்ந்துவிடுகிறார்கள். சர்வே எண் தெரிந்திருக்காது. அனுமதி ஆணை கையில் இருக்காது. ஒரு தேதிகூட உறுதியாக இருக்காது. ஆனால் அரசியலமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பற்றி நான்கு பக்கம் ஓடியிருக்கும். சீனியர் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு மேசை ஓரத்தில் வைத்துவிடுவார், பிறகு யாரும் அதைத் தொடுவதில்லை. சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கு ஆவணக் கட்டு தயாரிக்க இந்த வழிகாட்டி சொல்லும் வரிசை வேறு: இடம், நிலப் பதிவேடு, அனுமதித் தாள், தேதி, மனு. மன்றம் கடைசியில்தான்.

1. காலண்டரை முதலில் போடுங்கள்

இந்திய வழக்கறிஞர் மன்றத்தின் 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, படிப்புக் காலம் முழுவதிலும் சேர்த்து மூன்றாண்டுப் படிப்புக்குக் குறைந்தது 12 வாரமும் ஐந்தாண்டுப் படிப்புக்கு 20 வாரமும் இன்டர்ன்ஷிப் முடித்திருக்க வேண்டும். ஓர் ஆண்டில் தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் போக முடியாது.

சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பதில் தர அலுவலகத்துக்கு 30 நாள் அவகாசம் உண்டு. பயிற்சியின் முதல் நாளில் மனு போட்டால், பதில் வருவதற்குள் நான்கு வாரம் முடிந்துவிடும். ஆகவே பயிற்சி தொடங்க ஒரு மாதம் இருக்கும்போதே இடத்தை முடிவு செய்து ஆர்.டி.ஐ. மனுக்களை அனுப்பிவிடுங்கள்.

பயிற்சியை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு விடுமுறையில் கடலூர் அல்லது புதுச்சேரியில் விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடம் இருங்கள். அடுத்த விடுமுறையில் சென்னையில், தீர்ப்பாயத்தில் ஆஜராகும் வழக்கறிஞரிடம் இருங்கள். இடைப்பட்ட மாதங்களில் தபால்காரர் உங்களுக்காக வேலை செய்துகொண்டிருப்பார்.

2. கையில் இருக்க வேண்டியவை

கல்லூரிக் கடிதம், நாட்குறிப்பு, 30 மீட்டர் அளவு டேப், பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஏழெட்டு, நல்ல கேமரா உள்ள ஒரு போன். உடை வெள்ளைச் சட்டை, கறுப்புக் கோட்டு, கறுப்பு டை. கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையும் (band) கவுனும் பதிவு பெற்ற வழக்கறிஞருக்கு மட்டுமே உரியவை.

வக்காலத்தில் கையெழுத்துப் போடவோ, வழக்காட எழுந்து நிற்கவோ மாணவருக்கு உரிமை இல்லை. பயிற்சிக் காலத்தில் நீங்களே மனுதாரராக மாறுவதையும் தவிருங்கள். சீனியரின் கோப்பைப் பார்த்தவர் மனுதாரராக நின்றால், எதிர்த்தரப்பின் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

3. ஒரே இடம், ஒரே செயல்

“கடலூர் சிப்காட் மாசு” என்பது ஆய்வுக் கட்டுரைக்கு ஏற்ற தலைப்பு. அதை வைத்து மனு எழுத முடியாது. தீர்ப்பாயத்தின் நடைமுறை விதிகளின்படி ஒரு மனு ஒரே வழக்கு மூலத்தை, அதாவது வழக்குக்குக் காரணமான ஒரே நிகழ்வை, வைத்துத்தான் நிற்க வேண்டும். உப்பனாற்றில் விழும் ஒரு குழாய், மண் கொட்டி மூடப்பட்ட ஓர் ஓடை, ஏரிக்கரையில் எரிக்கப்படும் ஒரு குப்பைமேடு என்று அளவைச் சுருக்குங்கள்.

2009ஆம் ஆண்டின் மாசுக் குறியீட்டில் கடலூருக்கு 77.45 கிடைத்தது, கடுமையாக மாசடைந்த பகுதி என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகைப்படுத்தியது. புதியவர்கள் இந்த எண்ணை மனுவின் நடுவில் வைத்து அதைச் சுற்றியே எழுதுகிறார்கள். அது பின்னணி, ஒரு பத்திக்கு மேல் தேவையில்லை. குறிப்பிட்ட அந்தக் குழாயிலிருந்து வருவது என்ன என்பதற்கு அந்த எண்ணிடம் பதில் கிடையாது.

எல்லையோரத்தில் கூடுதல் கவனம் தேவை. தென்பெண்ணையின் ஒரு கரை புதுச்சேரியின் பாகூர் கொம்யூன், மறு கரை கடலூர் வட்டம். ஊசுடு ஏரியின் ஒரு பகுதி புதுச்சேரியில், மறு பகுதி விழுப்புரம் மாவட்டத்தில். இரண்டு வருவாய்த் துறை, இரண்டு மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு. இடம் எந்தப் பக்கம் விழுகிறது என்று முடிவு செய்யாமல் மனு அனுப்பினால், இரண்டு அலுவலகமும் மற்றதைக் கைகாட்டிவிடும்.

4. நிலப் பதிவேட்டை வாசியுங்கள்

களத்துக்குப் போகுமுன் அந்த இடத்தின் சர்வே எண், உட்பிரிவு, ‘அ’ பதிவேட்டு நகல், புலப்படம் (அந்த சர்வே எண்ணின் எல்லையும் அளவும் காட்டும் படம்), கிராம வரைபடம் ஆகியவற்றை எடுத்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பக்கம் இவற்றில் பெரும்பாலானவை வருவாய்த் துறையின் இணையச் சேவையில் கிடைக்கும். புதுச்சேரிக்கு ‘நிலமகள்’ தளம் இருக்கிறது.

‘அ’ பதிவேட்டில் பார்க்க வேண்டியது நிலத்தின் வகைப்பாடு. ஏரிப் புறம்போக்கா, ஓடைப் புறம்போக்கா, வாய்க்காலா, தரிசா, பட்டா நிலமா என்பதைப் பொறுத்து வாதம் முழுவதும் மாறிவிடும். “ஊரார் அதை ஏரி என்கிறார்கள்” என்று எழுதுவதைவிட, பதிவேட்டில் ‘ஏரி’ என்று இருக்கும் ஒரு வரிக்கு எடை அதிகம்.

இப்போதைய பதிவேட்டில் பட்டா என்று இருந்தால் அதோடு நின்றுவிடாதீர்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யு.டி.ஆர். திட்டத்துக்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் கேளுங்கள். பழைய எண் எது, புதிய எண் எது என்ற ஒப்பீட்டு விவரத்தையும் கேளுங்கள். அதே நிலம் பழைய பதிவேட்டில் வாய்க்காலாக இருந்தால், எப்போது, எந்த ஆணையால் மாறியது என்ற கேள்வி அங்கேயே பிறக்கும்.

பிறகு புலப்படத்தோடு இடத்தில் போய் நில்லுங்கள். படத்தில் ஓடையின் அகலம் மீட்டரில் குறிக்கப்பட்டிருக்கும். எல்லைக் கல் கிடைத்தால் அங்கிருந்து டேப் பிடியுங்கள். படத்தில் 12 மீட்டர், தரையில் 4 மீட்டர் என்றால் அந்த எட்டு மீட்டர்தான் உங்கள் வழக்கு. இது உங்கள் சொந்தக் குறிப்பு மட்டுமே. அதிகாரபூர்வமான அளவு சர்வேயர் அளப்பது. ஆனால் சர்வேயரை வரவழைக்க இந்தக் குறிப்பு தேவைப்படும்.

5. எந்தச் சட்டம், எந்த அனுமதி

2010ஆம் ஆண்டின் தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டத்தில் முதல் அட்டவணையை எடுத்து மேசையில் ஒட்டிவையுங்கள். நீர்ச் சட்டம் 1974, நீர் மேல்வரிச் சட்டம் 1977, வனப் பாதுகாப்புச் சட்டம் 1980, காற்றுச் சட்டம் 1981, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் 1991, உயிரியல் பன்முகச் சட்டம் 2002 என ஏழு சட்டங்கள்.

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 இந்த அட்டவணையில் இல்லை. தமிழ்நாடு வனச் சட்டம் 1882-ம் இல்லை. பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் யாரோ மரம் வெட்டினார்கள் என்பதை மட்டும் வைத்துத் தீர்ப்பாயத்துக்குப் போனால் முதல் விசாரணையிலேயே அதிகார வரம்புப் பிரச்சினை எழும். அதே காட்டு நிலம் அனுமதியில்லாமல் வேறு பயன்பாட்டுக்கு மாற்றப்பட்டாலோ, கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி மீறப்பட்டாலோ கதை வேறு. அந்த மண்டல அறிவிக்கை சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்தது, அதனால் தீர்ப்பாயம் விசாரிக்கலாம்.

அடுத்தது அனுமதிகள். ஆலை என்றால் நீர்ச் சட்டம் 25ஆம் பிரிவிலும் காற்றுச் சட்டம் 21ஆம் பிரிவிலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதியான இசைவாணை இருக்க வேண்டும். பெரிய திட்டம் என்றால் 2006 செப்டம்பர் 14 அறிவிக்கையின் கீழ் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும். கடலோரம் அல்லது ஓதம் (கடல் நீரின் ஏற்றவற்றம்) ஏறும் ஆற்றங்கரை என்றால் கடற்கரை மண்டல அனுமதி. சுற்றுச்சூழல் அனுமதி பெற்றவர் ஆண்டுதோறும் ஜூன் 1, டிசம்பர் 1 என இரு முறை நிபந்தனை நிறைவேற்ற அறிக்கை தர வேண்டும்.

மாணவர்கள் அனுமதி ஆணையின் முதல் பக்கத்தை மட்டும் படித்து “அனுமதி இருக்கிறது” என்று எழுதிவிடுகிறார்கள். வழக்கு கிடப்பது பின்பக்க நிபந்தனைகளில். நாளொன்றுக்கு எத்தனை கிலோலிட்டர் கழிவுநீர், எங்கே விட வேண்டும், எத்தனை மீட்டர் பசுமைப் பட்டை என்று அங்கேதான் எழுதியிருக்கும். நிபந்தனைகளை இடப்பக்கமும் களத்தில் கண்டதை வலப்பக்கமும் வைத்து ஓர் அட்டவணை போடுங்கள். பயிற்சி மாணவர் தயாரித்து சீனியர் அப்படியே எடுத்துக்கொள்ளும் தாள் ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சட்டம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. நீர்ச் சட்டத்துக்கு 2024இல் வந்த திருத்தம், பல குற்றங்களுக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு அபராதத்தை வைத்தது. முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், யூனியன் பிரதேசங்கள் ஆகியவற்றுக்கு அது நடைமுறைக்கு வந்தது, அதனால் புதுச்சேரிக்கும் பொருந்தும். மாநிலங்களுக்குச் சட்டமன்றத் தீர்மானம் வேண்டும். தண்டனைப் பிரிவை எழுதுமுன் இடம் எந்தப் பக்கம், எந்தத் தேதியில் எந்தப் பிரிவு அமலில் இருந்தது என்று பாருங்கள்.

6. ஆர்.டி.ஐ. மனு: கேள்வி கேட்காதீர்கள், தாள் கேளுங்கள்

தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. தமிழ்நாட்டு அலுவலகங்களுக்குப் பத்து ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டினால் போதும். மத்திய அரசு நிறுவனங்களுக்கு அந்த ஸ்டாம்ப் செல்லாது. போஸ்டல் ஆர்டர் வையுங்கள் அல்லது இணையவழி கட்டுங்கள்.

திரும்பி வரும் மனு இப்படி இருக்கும்: “மேற்படி ஆலை மீது ஏன் இதுவரை நடவடிக்கை எடுக்கவில்லை?” இதற்கு “கேட்கப்பட்டது தகவல் என்ற வரையறைக்குள் வராது” என்று ஒரே வரியில் பதில் வரும், சட்டப்படி அது தவறும் இல்லை. கோப்பில் இருப்பதைத்தான் கேட்க முடியும்.

பதில் வரும் மனு இப்படி: “... கிராமம், சர்வே எண் ... இல் இயங்கும் ஆலைக்கு நீர்ச் சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட நடப்பு இசைவாணையின் நகல், நிபந்தனைப் பக்கங்களுடன். கடந்த 24 மாதங்களில் அங்கு எடுக்கப்பட்ட கழிவுநீர் மாதிரிகளின் ஆய்வறிக்கை நகல்கள். அதே காலத்தில் அனுப்பப்பட்ட விளக்கம் கேட்கும் கடிதங்களின் நகல்கள். மேற்படி கோப்பை நேரில் பார்வையிட அனுமதி.”

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். கோப்பைப் பார்க்கும்போதுதான் கேட்கத் தெரியாமல் விட்ட தாள்கள் கண்ணில் படும். பார்வையிடும்போது பக்க எண்ணைக் குறித்து, நகல் வேண்டிய பக்கங்களை அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

ஒரு மனுவில் மூன்று அலுவலகத்தைச் சேர்க்காதீர்கள். வாரியத்துக்கு ஒன்று, வட்டாட்சியருக்கு ஒன்று, நீர்வளத் துறைக்கு ஒன்று. 30 நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் பிறகு 90 நாளுக்குள் இரண்டாவது மேல்முறையீடு. தமிழ்நாட்டு அலுவலகம் என்றால் மாநிலத் தகவல் ஆணையம். புதுச்சேரி அலுவலகம் என்றால் மத்தியத் தகவல் ஆணையம், நெய்வேலி என்.எல்.சி. போன்ற மத்திய நிறுவனத்துக்கும் அதுவே. புதுச்சேரி மனுவைச் சென்னை ஆணையத்துக்கு அனுப்பி மாதங்களை இழப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

7. களத்தில்

பொதுவழியில் நின்றே படம் எடுங்கள். வேலிக்குள் கால் வைத்தால் அத்துமீறல் புகார் உங்கள் மேல் திரும்பும். தனியாகப் போகாதீர்கள். கழிவுநீரில் வெறுங்கையை விடாதீர்கள்.

உப்பனாறு போன்ற ஓதம் ஏறும் ஆற்றில் நேரம் முக்கியம். ஏற்றத்தில் குழாய் வாய் நீருக்குள் மறைந்துவிடும், வற்றத்தில் வெளியே தெரியும். காலையில் எடுத்த படத்தையும் மாலையில் எடுத்த படத்தையும் பக்கத்தில் வைத்து “நிறம் மாறியிருக்கிறது” என்று எழுதினால், ஓதத்தால் மாறியது என்று எதிர்த்தரப்பு முடித்துவிடும். ஒரே இடம், ஒரே கோணம், ஓதத்தின் அதே நிலை. இப்படிப் பல நாள் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். எப்போது ஏற்றம், எப்போது வற்றம் என்று உள்ளூர் மீனவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைப் பெயரோடும் தேதியோடும் குறிப்பில் எழுதுங்கள்.

கரையில் உங்கள் கண்ணுக்குத் தெரியும் ஈரக் கோட்டை ‘உயர் ஓதக் கோடு’ என்று எழுதக் கூடாது. அங்கீகரிக்கப்பட்ட அமைப்பு குறித்து, கடற்கரை மண்டல மேலாண்மை வரைபடத்தில் ஏற்றிய கோடுதான் சட்டத்தில் செல்லும். 2011 அறிவிக்கையில் ஓதம் ஏறும் ஆற்றுக்கு 100 மீட்டர் அல்லது ஆற்றின் அகலம், எது குறைவோ அது. 2019 அறிவிக்கையில் அந்த 100 என்பது 50 ஆனது. அந்த மாவட்டத்துக்கு 2019 அறிவிக்கைப்படி வரைபடம் ஒப்புதல் பெற்றுவிட்டதா என்று பார்த்துவிட்டே தூரத்தை எழுதுங்கள்.

படங்களை ஒரே போனில், ஒரே ஆள் எடுக்கட்டும். மின்னணுச் சான்றுக்கு பாரதிய சாட்சிய சட்டம் 2023, 63ஆம் பிரிவின் சான்றிதழ் வேண்டும். ஐந்து பேர் எடுத்தால் ஐந்து பேரைத் தேட வேண்டிவரும். வாட்ஸ்அப்பில் அனுப்பிய படம் சுருங்கிவிடும், உள்ளே பதிந்த நேரமும் இடமும் போய்விடும். மூலக் கோப்பைக் கேபிள் வழியாக எடுத்து, அன்றே இரண்டு இடத்தில் சேமித்து, ஹாஷ் மதிப்பை (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்ணெழுத்துக் கோவை) குறித்துவையுங்கள்.

தண்ணீர் மாதிரி எடுக்க எல்லோருக்கும் ஆசை. நீர்ச் சட்டம் 21ஆம் பிரிவில் ஒரு முறை இருக்கிறது: வாரிய அதிகாரி ஆலைக்குத் தெரிவித்து எடுத்து, இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, கையெழுத்து வாங்கி அனுப்புவது. நீங்கள் பாட்டிலில் மொண்டு வருவது அந்த மாதிரி ஆகாது. ஆனாலும் பயன் உண்டு, வாரியத்தை மாதிரி எடுக்க வைக்க அது உதவும். எடுப்பதென்றால் என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்திடம் பாட்டிலை வாங்கி, பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, அன்றே ஒப்படையுங்கள்.

முடிவு வந்ததும் எந்தக் கட்டத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்பதையும் பாருங்கள். பொதுத் தரநிலையில் உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு பி.ஓ.டி. (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன்) லிட்டருக்கு 30 மில்லிகிராம், கடலில் விடுவதற்கு 100. இசைவாணையில் இன்னும் கடுமையான அளவு இருந்தால் அதுவே பொருந்தும். இன்னொன்று: இவை வெளியேறும் கழிவுநீருக்கான அளவுகள். ஆற்று நீரை மொண்டுவந்து 30-உடன் ஒப்பிட்டு “தரம் மீறல்” என்று எழுதுவது அடிக்கடி நடக்கும் பிழை.

8. தேதிப் பட்டியல்

கட்டிலேயே மிக முக்கியமான தாள் இது. ஒவ்வொரு வரியிலும் தேதி, நடந்தது, ஆதாரம், பக்க எண் என நான்கு மட்டும். ஆதாரம் இல்லாத வரியைப் பென்சிலில் எழுதுங்கள்.

தீர்ப்பாயச் சட்டத்தில் காலவரம்பு மூன்று வகை. பொதுவான சூழல் வழக்குக்கான 14ஆம் பிரிவில் வழக்கு மூலம் முதலில் எழுந்த நாளிலிருந்து ஆறு மாதம், தக்க காரணம் இருந்தால் மேலும் 60 நாள். இழப்பீடும் சீரமைப்பும் கேட்கும் 15ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு, கூடுதலாக 60 நாள். அனுமதி ஆணையை எதிர்க்கும் 16ஆம் பிரிவு மேல்முறையீட்டுக்கு ஆணை தெரிவிக்கப்பட்டதிலிருந்து 30 நாள், கூடுதலாக 60. அந்தக் கூடுதல் நாட்களும் தீர்ந்த பிறகு எந்தக் காரணமும் எடுபடாது.

ஓர் எடுத்துக்காட்டு. ஓடையில் மண் லாரி முதலில் வந்தது ஜனவரி 10. ஊரார் ஆட்சியரிடம் மனு கொடுத்தது மார்ச்சில். வட்டாட்சியர் பதில் வந்தது ஜூனில். மாணவர் ஜூனிலிருந்து எண்ணி டிசம்பர் வரை நேரம் இருக்கிறது என்று எழுதிவைப்பார். சரியான கணக்கு ஜூலை 10. கூடுதல் 60 நாளோடு செப்டம்பர் 8. மனு கொடுத்துவிட்டுக் காத்திருந்ததால் கடிகாரம் நிற்பதில்லை.

நீங்கள் முதலில் பார்த்த நாளும் ‘முதலில் எழுந்த நாள்’ ஆகாது. செயற்கைக்கோள் படத்தில் பழைய தேதிகளைப் பின்னோக்கிப் புரட்டிப் பாருங்கள். எதிர்த்தரப்பு அதைக் கட்டாயம் செய்யும்.

9. அதிகாரிகளுக்கு மனு

தீர்ப்பாயத்தின் முதல் கேள்விகளில் ஒன்று “வாரியத்திடம் சொன்னீர்களா?” என்பது. மாவட்டச் சுற்றுச்சூழல் பொறியாளர், ஆட்சியர், நிலத்துக்குப் பொறுப்பான துறை ஆகிய மூவருக்கும் தனித்தனியாக ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதையும் ஒப்புகையையும் ஒட்டிவையுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர் நாளில் கொடுத்தால் மனு எண்ணை வாங்காமல் வராதீர்கள்.

கடலூர் கிராமங்களில் கிராம சபைத் தீர்மானம் நல்ல ஆவணம். ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, இவற்றோடு மார்ச் 22, நவம்பர் 1. தீர்மானப் பதிவேட்டில் சர்வே எண்ணோடு பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். “சுற்றுச்சூழலைக் காக்க வேண்டும்” என்று பொதுவாக எழுதிய தீர்மானம் எதற்கும் உதவாது.

10. மன்றம்

அட்டவணைச் சட்டம் மீறப்பட்டிருந்தால் சென்னையில் உள்ள தென்மண்டல அமர்வு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அதுவே. வனவிலங்குச் சட்டம் போன்றவற்றுக்கு உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்புச் சட்டம் 226ஆம் பிரிவின் கீழ் ரிட் மனு. தெருவில் தேங்கும் சாக்கடை, குடியிருப்பு நடுவே எரியும் குப்பை போன்ற பொதுத் தொல்லைகளுக்கு நிர்வாக நடுவரிடம் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 152ஆம் பிரிவு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133தான், பலர் மறந்துவிட்ட வழி, ஆனால் ஊரிலேயே முடியும். மனுதாரர் பெண்ணாகவோ பட்டியல் சாதியினராகவோ பழங்குடியினராகவோ இருந்தால் வருமானம் பார்க்காமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச சட்ட உதவி உண்டு.

11. கட்டைக் கோத்தல்

தீர்ப்பாய நடவடிக்கை ஆங்கிலத்தில் நடப்பதால் ‘அ’ பதிவேடு, கிராம சபைத் தீர்மானம், தமிழ்க் கடிதம் எல்லாவற்றுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும். இதற்கு இரண்டு நாள் தனியாக ஒதுக்குங்கள். ‘ஓடைப் புறம்போக்கு’, ‘தரிசு’ போன்ற சொற்களை ஒரு பக்கத்தில் ஒரு மாதிரியும் அடுத்த பக்கத்தில் வேறு மாதிரியும் பெயர்த்தால் இரண்டும் வேறு நிலம் என்று வாசிப்பவர் நினைப்பார். முதலில் ஒரு சொற்பட்டியல் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

இழப்பீடு கேட்காத மனுவுக்குக் கட்டணம் 1000 ரூபாய். கேட்டால் கேட்கும் தொகையில் ஒரு சதவீதம், குறைந்தது 1000. பத்திகளுக்கு எண், இணைப்புகளுக்குத் தொடர் பக்க எண், ஒவ்வொரு கூற்றின் முடிவிலும் இணைப்பின் பக்கம். வேண்டுதலில் “மாசைத் தடுக்க வேண்டும்” என்று எழுதாமல், எந்த சர்வே எண்ணில், எதை, யார், எத்தனை நாளில் அகற்ற வேண்டும் என்று எழுதுங்கள். செய்து முடித்தார்களா என்று சரிபார்க்க முடிகிற வேண்டுதலைத்தான் பிறகு நிறைவேற்றவைக்க முடியும்.

தாக்கலாகும் வரை டிராஃப்ட்டை எந்தக் குழுவிலும் பகிராதீர்கள். “இன்ன கம்பெனிதான்” என்று இசைவாணையும் ஆய்வறிக்கையும் கைக்கு வருமுன் எழுதிய ஒரு பதிவு, மனுதாரருக்கு எதிராக இணைப்பாகத் திரும்பி வரும்.

12. கூட்டுக் குழு வரும் நாள்

மனு ஏற்கப்பட்டால் தீர்ப்பாயம் பெரும்பாலும் வாரியமும் ஆட்சியர் தரப்பும் அடங்கிய கூட்டுக் குழுவை அனுப்பி அறிக்கை கேட்கும். ஆய்வு நாளை மனுதாரருக்குத் தெரிவிக்கக் கேட்டு முன்கூட்டியே கடிதம் கொடுக்கச் சொல்லுங்கள்.

அன்று உங்கள் கையில் இருக்க வேண்டியது பெரிதாக அச்சிட்ட புலப்படம், படம் எடுத்த இடங்கள் எண்ணிட்ட ஒரு வரைவு, நிபந்தனை அட்டவணை. வாதாடாதீர்கள், இடத்தைக் காட்டுங்கள். எங்கே நின்றார்கள், எங்கே மாதிரி எடுத்தார்கள், அப்போது ஏற்றமா வற்றமா, ஆலை ஓடிக்கொண்டிருந்ததா என்பதை நேரத்தோடு குறியுங்கள்.

அறிக்கை வந்ததும் அந்தக் குறிப்போடு வரிக்கு வரி ஒப்பிட்டு ஆட்சேபணையை எழுதுங்கள். அடுத்த விசாரணை வருவதற்குள் அது தாக்கலாகிவிட வேண்டும்.